நீலக் கேனுக்குள் கொச்சி மிளகாய்

இராமலெட்சுமியிடம் யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் அவள் முதலில் பார்ப்பது அவர்களுடைய கையைத்தான். கையில் நோட்டீஸ் இருந்தால் தேர்தல், ரசீதுப் புத்தகம் இருந்தால் திருவிழா, பைல் இருந்தால் மாநகர சபை. அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் சந்தின் முனையில், அவளுடைய வடைத் தள்ளுவண்டிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு வந்து நின்ற பெண்ணின் கையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. வெறுங்கேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாததால் இராமலெட்சுமி உடனேயே சில்லறை டப்பாவை மூடினாள்.

"அக்கா, நான் பர்ஹா. பசுங்கரை கம்பெனியில இருந்து வாற. நீங்க பொரிச்சு முடிச்ச பழைய எண்ணெய இதுல ஊத்தித் தந்தா போதும். ரோட்டுக் கான்ல ஊத்த வேணாம்."

"எங்க பழைய எண்ண ஒங்களுக்கு எதுக்குங்க?"

"சவர்க்காரம் செய்ய. கொட்டாஞ்சேனையில ஒரு பொம்புளைங்க குழு இரிக்கி, அவங்க செய்ற. நாங்க வாங்கி ஹோட்டல்களுக்குக் குடுக்கிற. கானும் அடைபடாது, கால்வாயும் சுத்தமாகும், அவங்களுக்கும் தொழில். எல்லாருக்கும் நல்லம் தானே?"

எல்லாருக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் அந்த எல்லாரில் தான் இருப்பதில்லை என்பது இராமலெட்சுமியின் நாற்பது வருட அனுபவம். அவள் கேனை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். யோசிச்சுச் சொல்றேன் என்றாள். யோசிப்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. மாட்டேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னாள்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் அல்ல. ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தாள். பதின்மூன்று வயதில், படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அங்கே அவள் படித்ததெல்லாம் அரிசி மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்துகளைத்தான். அந்த வீட்டு அம்மா அடிக்கிற ஆள் இல்லை, பட்டினி போடுகிற ஆளும் இல்லை. ஆனால் அடுப்புக்குக் கீழே ஒரு பழைய பால்மா டின் வைத்திருந்தாள். வீட்டாருக்குப் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய் அந்த டின்னுக்குப் போகும். இராமலெட்சுமியின் சோற்றுக்குக் கறி தாளிப்பது அந்த டின்னிலிருந்து. ஆறு வருடம் அப்படியே நடந்தது. "நல்ல எண்ணெய்தானே பிள்ளை, வீணாக்கலாமா?" என்று அம்மா அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பு இன்றைக்கும் இராமலெட்சுமியின் நெஞ்சில் எரிகிறது.

அதனால் அழகுமுத்துவைக் கட்டிக்கொண்டு, பாமன்கடையில் கால்வாய் ஓரமாக ஒரு அறை எடுத்து, தள்ளுவண்டி போட்ட முதல் நாளே அவள் தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளைக்கு மேல் ஒரு எண்ணெய் இல்லை, பிறகு வரதராசா கடையிலிருந்து புது டின். கழித்த எண்ணெய் இன்னொருவர் வாய்க்குப் போகக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சட்டம் மீறப்படவில்லை. வெள்ளவத்தையில் அவள் வடைக்கு இருந்த பெயரே அதுதான், சுத்தமான எண்ணெய் அக்கா. கழித்த எண்ணெய் அத்தனையும் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் போனது. கானுக்குத்தான் வாய் கிடையாதே என்று அவள் நினைத்தாள். மழைக்காலத்தில் கால்வாய் பொங்கி அறைக்குள் ஏறும்போது, சுவரில் பிசுபிசுப்பாக ஒரு கோடு விட்டுவிட்டுப் போகும். நீ ஊத்தினதுதான் திரும்பி வந்திருக்கு என்று அழகுமுத்து ஒருமுறை சொன்னான். அன்றைக்கு அவனுக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

பர்ஹா விடவில்லை. அடுத்த வாரம் சந்து வியாபாரிகள் சங்கமே கம்பெனியோடு கையெழுத்துப் போட்டது. போன மழைக்கு அடைபட்ட கான் பொங்கிக் கடைகளுக்குள் வந்ததில் சங்கத்துக்காரர்களுக்கு நல்ல கோபம். கேன் வாங்காதவர்கள் இனிச் சந்து முனையில் நிற்க முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். இராமலெட்சுமி வாயை மூடிக்கொண்டு போய் ஒரு கேன் வாங்கி வந்தாள்.

"சோப்பு செய்றாங்களாம் சோப்பு," என்று வீட்டுக்கு வந்து அழகுமுத்துவிடம் பொரிந்து தள்ளினாள். "யார் காதுல பூ சுத்துறாங்க? களிமண்ணப் போட்டுக் காச்சி, வெளுக்க வச்சு, புது எண்ணன்னு விப்பானுங்க. எனக்குத் தெரியாதா?"

பழைய எண்ணெயை வெளுத்து விற்கிற கதை வடை சுடுகிறவர்களுக்குள் வெகுநாளாக உலாவுகிற கதைதான். யாரும் கண்ணால் கண்டதில்லை, எல்லாரும் நம்பினார்கள்.

"ஒனக்கு உங்கப்பன் ஆத்தாவக்கூட சந்தேகம்தான்," என்றான் அழகுமுத்து. ஹார்டுவெயார் கடையில் சாமான் தூக்குகிறவன், வந்த வாழ்க்கையை வந்தபடி எடுத்துக்கொள்கிற சுபாவம். "குடுத்துட்டுப் போயேன். ஒனக்கென்னா?"

அவளுக்கு என்னவென்று அவனுக்கு விளங்காது. பால்மா டின்னிலிருந்து ஆறு வருடம் தின்றது அவனா?

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊரிலிருந்து அவளுடைய தம்பி சந்திரகுமார் வரும்போதெல்லாம் தோட்டத்துக் கொச்சி மிளகாய் கொண்டுவருவான். விரல் நுனி அளவுதான் இருக்கும், ஒன்றைக் கடித்தால் காது அடைக்கும். சாதாரண மிளகாய் நாக்கில் எரியும், கொச்சி தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வடைக்கு அவள் அதை ஒருநாளும் போட்டதில்லை, பிள்ளைகள் தின்கிற வடை. இப்போது கழித்த எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் இரண்டு கைப்பிடி கொச்சியை இடித்து அதில் போட்டாள். காலையில் துணியால் வடித்துவிட்டுக் கேனில் ஊற்றினாள். பார்வைக்கு வெறும் கறுத்த எண்ணெய். மிளகாயை வடித்துவிடலாம், எண்ணெய்க்குள் போன உறைப்பை வடிக்க முடியாது, இது எண்ணெயோடு கிடப்பவர்களுக்குத்தான் தெரியும். இனி இதை எவன் வெளுத்தாலும் எவன் வாயிலும் வைக்க முடியாது. சோப்பு செய்கிறதாகச் சொன்னார்களே, செய்து பார்க்கட்டுமே.

சனிக்கிழமைதோறும் லொறி வந்தது. எண்ணெய் சேர்க்கும் வேலையைக் கம்பெனி கிருபாகரன் என்ற லொறிக்காரனிடம் விட்டிருந்தது. நெற்றியில் திருநீறு, வாயில் தேன்.

"அக்கா, சுகமே? உங்கட கேன் எப்பவும் நிறைஞ்சிருக்கும். உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு என்ன கஷ்டம்?"

இப்படிப் பேசுகிறவனைப் பார்த்தாலே அவளுக்குப் பிடரி கூசும். நிறைந்த கேனைத் தள்ளுவாள், வெறுங்கேனை வாங்குவாள். மாதத்துக்கு ஒரு சவர்க்காரக் கட்டியும் வந்தது, வாழை இலைப் பச்சையில், கறுவாப்பட்டைத் தூள் வாசத்தோடு. அவள் அதைத் தண்ணீரில் நனைக்கவே இல்லை. அலுமாரிக்கு மேலே வைத்து, எதிரியைப் பார்ப்பது போல அவ்வப்போது பார்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் போனது. கால்வாயின் நாற்றம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அறைக்குப் பின்னால் கல்லில் ஒரு கபரகொய்யா, உடும்பு மாதிரி ஆனால் நீரில் வாழ்வது, வந்து வெயில் காய்ந்தது. "பாத்தியா, தண்ணி தெளிஞ்சிருக்கு," என்றான் அழகுமுத்து. மழை இல்லாததால் என்றாள் அவள்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நிரோஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு வடை வாங்க வருகிற ஜீவராணி டீச்சர் சொன்னார், "இப்ப உங்கட வடை நல்ல உறைப்பு அக்கா. இவள் வேற இடத்து வடையைத் தொடுறாளில்லை."

வீட்டில் பருப்பு அரைப்பது அழகுமுத்து. மிளகாயை அள்ளிப் போடுகிறாயா என்று அன்றைக்கு அவனுக்கு ஏச்சு விழுந்தது. எப்போதும் போடுகிற அதே அளவுதான் என்று அவன் சத்தியம் பண்ணினான். அவள் நம்பவில்லை. தாச்சியில் எண்ணெய் காயும்போது அவளுக்கே தொண்டை கமறி இருமல் வந்தது. கொச்சி இடித்த கையல்லவா, விரலிலும் முந்தானையிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். ஊரையே சந்தேகப்பட்டவள் அந்த ஒரு இருமலை மட்டும் சந்தேகப்படவில்லை.

பிறகு ஒருநாள் பர்ஹா வந்து தன் போனில் ஒரு படம் காட்டினாள். கொட்டாஞ்சேனையில் அந்தக் குழு. ஒரு முற்றத்தில் பதினொரு பெண்கள், பெரிய வாளிகள், சிலர் கையுறை போட்டிருந்தார்கள், சிலர் வெறுங்கையால் சவர்க்காரக் கட்டிகளை வழித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை.

"இது நெசமாவே இருக்கா?" என்று இராமலெட்சுமி கேட்டாள்.

"என்ன அக்கா இப்பிடிக் கேக்கிறீங்க? மர்லியா தாத்தாட வீடு. வேணுமெண்டா போய்ப் பாருங்கோ."

அவளுக்கு அன்று வடை கருகியது. இரண்டு மாதமாகக் கொச்சி இறங்கிய எண்ணெய். அந்த வெறுங்கைகள். அந்தக் குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டு நுரை போனால்? கள்ளனுக்கு வைத்த பொறியில் பிள்ளை பெற்றவள் கையை விட்டிருக்கிறாளே என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். சந்தேகப்பட்டதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலையில் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள். பர்ஹா எழுதித் தந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு முடுக்குகளில் தவறிப்போய்த் திரும்பி, மூன்றாவதில் அந்த முற்றத்தைக் கண்டுபிடித்தாள். படத்தில் இருந்தபடியே இருந்தது. பர்ஹாவின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா; மர்லியா நாற்பது வயது மனுசி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, அகப்பைத் துடுப்பால் ஒரு வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இராமலெட்சுமி வெள்ளவத்தையில் வடை சுடுகிறவள் என்றதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"ஒங்க கையக் காட்டுங்கம்மா," என்றாள் இராமலெட்சுமி.

"எனத்துக்கு?"

"காட்டுங்க."

மர்லியா இரண்டு கையையும் நீட்டினாள். இராமலெட்சுமி புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. அடுத்தவளின் கையையும் வாங்கிப் பார்த்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எரியலியா? ரெண்டு மாசமா? கண்ணுல பட்டு ஒருத்தருக்கும் எரியலியா?"

"சவுக்காரம் கண்ணுல பட்டா கொஞ்சம் எரியும்தானே. அப்பிடி ஒண்டும் இல்ல. எங்கட புள்ளைகளக் குளிப்பாட்டுறதே இதாலதான்."

இராமலெட்சுமி அங்கே இருந்த ஒரு கட்டியை எடுத்து, குழாயடியில் போய், நன்றாக நுரைத்து முகம் முழுக்கப் பூசினாள். கண்ணைத் திறந்தாள். சாதாரணச் சவர்க்கார எரிச்சல். கழுவியதும் போய்விட்டது. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். கொச்சி, இரண்டு கைப்பிடி, ஒவ்வொரு கேனிலும்.

பெண்கள் சிரித்தார்கள். மர்லியாவும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"தாத்தா, வெள்ளவத்த கேன் எங்களுக்கு வாறதே இல்லயே. மொத மாசம் ரெண்டு வந்த. அதுக்குப் பொறகு ஒண்டும் இல்ல. அங்க உள்ளவங்க எண்ணெ தாற இல்ல எண்டு லொறிக்காரர் சொன்ன. நாங்க நெனச்ச, நீங்கெல்லாம் சல்லிக்கு வேற ஆளுக்கு விக்கிற எண்டு. எண்ணெ காணாம இந்த மாசம் மூணு பேர வேலயால நிப்பாட்டினோம்."

இவள் அவர்களைக் கள்ளர் என்று நினைத்திருந்தாள், அவர்கள் இவளை அப்படியே நினைத்திருந்தார்கள். இரு பக்கத்துக்கும் நடுவில் போய் வந்தது ஒரே ஒரு லொறி, அதை ஓட்டியவன் இரண்டு இடத்திலும் சுகமே என்று கேட்டிருக்கிறான். கம்பெனி கையெழுத்து வாங்கியது, படம் பிடித்தது, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரு தடவையாவது முகம் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. மர்லியா போனை எடுத்து பர்ஹாவைக் கூப்பிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வாளிகள்கூட அசைந்திருக்கும். பர்ஹா நேரே சந்து முனைக்கு வருவதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது இராமலெட்சுமிக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று அழகுமுத்துவிடம் எந்த ராகத்தில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும்தான் அடுத்த கேள்வி வந்தது. சரி, சோப்புக்குப் போகவில்லை. அப்படியென்றால் அவள் எண்ணெய் எங்கே போனது?

சந்து முனையில் அழகுமுத்து அன்று லீவு போட்டுவிட்டு வண்டியைப் போட்டிருந்தான். வரதராசா கடையில் வாங்கிய புது டின்னைத் திறந்து, தாச்சியில் ஊற்றி, முதல் ஈட்டு வடையையும் எடுத்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இராமலெட்சுமி வடை எடுத்துக் கொடுக்க நின்றாள். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் ஜீவராணி டீச்சரும் நிரோஷாவும்.

"இண்டைக்கும் அதே உறைப்புத்தானே ஆன்ரி?" என்று நிரோஷா கேட்டாள்.

வடையைக் காகிதத்தில் சுற்றப்போன இராமலெட்சுமியின் கை அப்படியே நின்றது. அவள் வடையைத் தட்டில் போட்டாள். அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு, கீழே இருந்த டின்னுக்குள் கரண்டியை விட்டாள். பொன் மாதிரி இருந்த எண்ணெய். கருகல் மணமும் இல்லை, கறுப்பும் இல்லை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

நாக்கில் ஒன்றுமில்லை. விழுங்கினாள். மெதுவாக, தொண்டையில் போய் அது உட்கார்ந்தது.

அவளுக்குக் காது அடைத்தது. உறைப்பால் அல்ல. அடுப்புக்குக் கீழே, இடது பக்கம், அந்தப் பால்மா டின் இருந்த அதே இடத்தில்தான் இந்த டின்னும் இருந்தது. யாரோ வாய் நிறைந்த சிரிப்போடு அவள் கையைப் பிடித்து, அந்த டின்னிலிருந்து அள்ளி அள்ளி இந்தப் பிள்ளைக்குப் பொரித்துக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக.

அழகுமுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காதோடு சொன்னான், "கத்தாத. இன்னைக்கு முடிச்சிட்டு நாளைக்கு எண்ண வாங்குற கடைய மாத்திக்குவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

அடுப்பை அணைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"இன்னைக்கு வடை இல்லீங்க. ரெண்டு மாசமா நான் ஒங்களுக்குக் கழிச்ச எண்ணையில சுட்டுக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரியாது. ஆனா சுட்டது நான்தான்."

யாரோ ஒருவர் தூ என்றார். ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். ஜீவராணி டீச்சர் கையில் எடுத்த காசைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார். பர்ஹா வந்து சேர்ந்தபோது, அவள் தரையில் உட்கார்ந்து, தாச்சி எண்ணெயையும் டின் எண்ணெயையும் நீலக் கேனுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கானுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

பர்ஹாவும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். இருமினாள். பிறகு அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒங்ககிட்ட வந்து, எல்லாருக்கும் நல்லம் எண்டு சொன்ன," என்றாள்.

"சொன்னீங்க. இனி சொல்லாதீங்க. செய்றத எங்க கண்ணு முன்னால செய்யுங்க."

கிருபாகரனின் லொறி அடுத்த சனிக்கிழமை வரவில்லை, பிறகும் வரவில்லை. கம்பெனி அவன்மேல் பொலிசில் முறைப்பாடு கொடுத்தது. அவன் கேன்களை இறக்கிய, எண்ணெய் வெளுக்கும் கொட்டிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அங்கே வெளுத்த டின்னையா விற்றீர்கள் என்று கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும், நானும் வாங்கி விற்கிறவன்தானே என்றார் வரதராசா. அதையும் அவள் நம்பவில்லை. சங்கத்துக் கூட்டத்தில் அவள் முதல் தடவையாக எழுந்து பேசினாள். இனி நடுவில் லொறி வேண்டாம். சனிக்கிழமைகளில் வியாபாரிகளில் ஒருவர் முறை வைத்து ஆட்டோவில் கேன்களோடு கொட்டாஞ்சேனைக்குப் போய், மர்லியாவின் முற்றத்தில் தன் கண் முன்னால் வாளியில் ஊற்றிவிட்டு வர வேண்டும். அங்கிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆட்டோச் செலவு கம்பெனியுடையது. எங்களை நம்பமாட்டீர்களா என்று கம்பெனியின் பெரியவர் ஒருவர் கேட்டார். மாட்டோம் என்றாள். மர்லியாவும் அதையே சொன்னாள். நிப்பாட்டிய மூன்று பெண்களும் அந்த மாதமே வேலைக்குத் திரும்பினார்கள்.

எல்லாம் சரிதான், வடை விற்கவில்லை. மூடி உடைக்காத பிராண்ட் போத்தல் எண்ணெயில் சுட்டாள், மனிதர்கள் மறுபக்க நடைபாதையால் போனார்கள். தட்டில் ஆறிய வடையை அழகுமுத்து தின்றான். யாருக்குத் தெரியப்போவுது என்று சொன்னவன், போகிறவர்களுக்கெல்லாம் போத்தல் மூடியைத் தூக்கிக் காட்டினான்.

பத்தொன்பதாவது நாள் பின்னேரம் ஜீவராணி டீச்சர் வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். நிரோஷா அவர் முதுகுக்குப் பின்னால். டீச்சர் வடையைப் பார்க்கவில்லை. கீழே இருந்த போத்தலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, உள்ளங்கையை நீட்டினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கோ பாப்பம்."

இராமலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் எல்லாரும் ஒன்றும் கேட்காமல் விலகிப் போனார்கள், இவர் ஒருவர்தான் வந்து நின்று சோதிக்கிறார். அவள் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். டீச்சர் நாக்கில் வைத்து, விழுங்கி, அவசரப்படாமல் காத்து நின்றார். தொண்டைக்குப் போகட்டும் என்று அவளும் காத்து நின்றாள்.

"ரெண்டு வடை தாங்கோ," என்றார் டீச்சர்.

நிரோஷா ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். உறைப்பே இல்லை என்றாள்.